விறகு போட்டுவிட்டுப் போன திருடன்

அத்தியாயம் 6

திருடன் என்று ஒருவன் வந்தால் எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தத் தொழிலுக்கு அதுதான் குறைந்தபட்ச மரியாதை. இரத்தினசிங்கத்தின் வீட்டுக்கு வந்த ஆள் ஒன்பது நாளாக ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை. தினமும் காலையில் வந்து, பாய்லரில் விறகு போட்டு, நெருப்பு பிடித்துவிட்டதா என்று பார்த்து, கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். அப்படிப்பட்ட ஒருவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, மெல்பேர்னில் குளிர்காலம் கடிக்கும் ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, காரைப் புதருக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு அருந்தவன் காது விறைக்க உட்கார்ந்திருந்தான்.

தொப்பி இருந்திருந்தால் காது பிழைத்திருக்கும். ஊதா நிறக் கம்பளித் தொப்பி. இடது காதுப் பக்கம், வேலையிடத்தில் குழாய் பற்றவைக்கும்போது பொறி பட்டு ஒரு ஓட்டை. ஒரு வாரத்துக்கு மேலாக அதைக் காணவில்லை. மனைவி சுஜீவாவிடம் கேட்டால், "உங்கட சாமான நீங்கள்தான் வடிவா வைக்கோணும்" என்று பதில் வந்தது.

"அக்கா, கள்ளன் வரமாட்டான்" என்றான். "ஞாயிற்றுக்கிழமை. அவனும் மனுசன்தானே, லீவு எடுத்திருப்பான்."

"பத்து மணிக்கு வர்ற ஆளு. மணி இப்ப பதினொண்ணு." பக்கத்து இருக்கையில் நாகலட்சுமி ஃபிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டார். "ஒன்பது நாள் ஒழுங்கா வந்தவரு பத்தாவது நாள் ஏன் வரல? அதான் கேள்வி."

நாகலட்சுமி கோயம்புத்தூர்க்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தவர். ஐம்பத்து நான்கு வயதில் வேலையை விட்டுவிட்டு, கிரான்பர்னில் தன் வீட்டுக் கராஜில் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தார். அருந்தவன் வார நாட்களில் பிளம்பர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய உதவியாளன். தன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்பது அவனுடைய எண்ணம். அந்த எண்ணத்தை நாகலட்சுமி ஒரு நாளும் கலைத்ததில்லை. கார் ஓட்ட ஆள் வேண்டுமே.

அந்தக் காரும் இன்று சுஜீவாவுடையது. அவனுடைய வேன் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. "இண்டைக்கு எனக்குக் கார் வேணும்" என்று காலையில் சுஜீவா மறித்துப் பார்த்தாள். எங்கே போக என்று கேட்டதற்கு "சும்மா" என்றாள். சும்மா போவதற்கும் துப்பறியப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அருந்தவன் அவளுக்கு விளக்கினான். டிக்கியில் கலகலவென்று ஏதோ ஒரு சாக்கு கிடந்தது. குப்பையைக்கூடக் காரில் வைத்திருக்கிறாளே என்று அதைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, தன் கருவிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மலையேறும்போது, இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டு வந்த ஏதோ ஒன்றை நாகலட்சுமி குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அருந்தவன் பாதையில் கண்ணாக இருந்தான்.

கைபேசி அதிர்ந்தது. இரத்தினசிங்கம். சிட்னியிலிருந்து இன்று ஏழாவது தடவையாகக் கூப்பிடுகிறார்.

"நாப்பத்தொண்டு" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். குரல் குசுகுசுவென்று இருந்தது. பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ஐம்பதில நிண்ட பொயிலர்ச் சூடு நாப்பத்தொண்டுக்கு வந்திட்டுது. ஆரும் வரேல்லையோ?"

"வரல சார். நீங்க எங்க இருந்து பேசறீங்க?" என்றார் நாகலட்சுமி.

"செவன் ஹில்ஸ் மண்டபத்துக் கார் பார்க்கில. உள்ளுக்குப் பேத்தி பெரிய பிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு நடக்குது. ரஞ்சினிக்குக் கேக்கக் கூடாது. கேட்டால் வீடு போச்சு."

வீடு போச்சு என்பது வெறும் பேச்சில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற கையோடு, இரத்தினசிங்கம் கிரான்பர்ன் வீட்டை விட்டு ஜெம்புரூக் பக்கம் இந்த மலைப் பள்ளத்தில் நிலம் வாங்கினார். அவருடைய மனைவி ரஞ்சினி அன்ரிக்குக் குளிர் ஆகாது. அதனால் வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டகையில் பெரிய விறகு பாய்லர் வைத்தார். நெருப்பு அங்கே எரியும், சுடுதண்ணீர் குழாய் வழியாக வந்து வீட்டுத் தரைக்கு அடியில் ஓடும். நெருப்பு அணைந்து குழாயில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். அன்ரி ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த ஆட்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்: பொயிலர் ஒருக்கா உறைஞ்சாலும் காணும், அடுத்த நாள் வீட்டை வித்திட்டுக் கிரான்பர்னுக்குத் திரும்பிப் போறது. இரத்தினசிங்கமும் வீறாப்பாகச் சரி என்று தலையாட்டிவிட்டார்.

சிட்னிக்குப் போகும் நேரம் வந்தபோதுதான் அந்தத் தலையாட்டல் எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று அவருக்குத் தெரிந்தது. பழைய சிநேகிதர் இந்திரகுமாரைப் பிடித்து, தினமும் வந்து விறகு போடச் சொன்னார். பாய்லரின் சூடு எவ்வளவு என்று அவருடைய கைபேசியில் தெரியும். தினமும் எழுபதைத் தொட்டது. இந்திரகுமாரைப் பார்ப்பவர்களிடமெல்லாம் புகழ்ந்தார். நேற்று மாலை இந்திரகுமார் கூப்பிட்டு அழாத குறையாக உண்மையைச் சொன்னார். முதல் நாளே முதுகு பிடித்துவிட்டதாம். வெட்கத்தில் சொல்லவில்லையாம். ஒரு நாள்கூட இந்தப் பக்கம் வரவில்லையாம்.

அப்படியானால் ஒன்பது நாள் நெருப்பு வைத்தது யார்?

"இன்னிக்கு ராத்திரி மைனஸ் மூணாம்" என்றார் நாகலட்சுமி, காரைவிட்டு இறங்கிக்கொண்டே. "வாங்க, பார்த்துடலாம்."

"தண்ணியில உறையாமலிருக்க மருந்து ஊத்துங்கோ எண்டு போன வருசமே அங்கிளுக்குச் சொன்னனான்" என்றான் அருந்தவன். "ஊத்தியிருந்தா ஒரு மாசம் நெருப்பில்லாமலே கிடக்கும். ஆள் தேத்தண்ணிக்கே சீனி போடாது. தண்ணியெண்டால் தண்ணியா இருக்கோணுமாம்."

கொட்டகைக்குள் பாய்லர் ஒரு சிறிய தகர வீடு மாதிரி நின்றது. அருந்தவன் நேரே போய் விறகை எடுக்கக் கை நீட்டினான். நாகலட்சுமி தடுத்தார்.

"சாம்பல்தான் நம்ம சாட்சி. சாட்சி மேல விறகைப் போடாதீங்க. பத்து நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிசத்தில எனக்குக் காது விழுந்திடும்."

"விழுந்தா எடுத்து வைக்கிறேன். முதல்ல அந்த விறகைப் பாருங்க."

பார்த்தான். இரத்தினசிங்கம் இலங்கை ரயில்வேயில் வேலை பார்த்தவர், எதற்கும் அட்டவணை போடுகிறவர். விறகைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் எந்தத் தேதிக்கு உரியது என்று சாக்கட்டியால் எழுதியிருந்தார். முதல் தேதிக் கட்டிலிருந்து ஒன்றுகூட அசையவில்லை.

"அப்ப கள்ளன் சொந்தமா விறகு கொண்டு வந்திருக்கிறான்" என்றான் அருந்தவன். "இவ்வளவு நேர்மை இருந்தா ஏன் கள்ளனா வந்தவன்? பேசாமல் கோயில் தலைவரா நிண்டிருக்கலாம்."

"இங்க ஒரு கட்டு மாறி எடுத்தாலும் சாருக்குத் தெரிஞ்சுடும்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப சாரோட குணமும் தெரிஞ்சிருக்கு." நாகலட்சுமி பாய்லரின் முகத்தைக் காட்டினார். "அது என்ன?"

இரும்புக் கதவின் நடு நெற்றியில் சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

அருந்தவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். "வெள்ளைக்காரக் கள்ளன் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னான்.

நாகலட்சுமி சாம்பல் தட்டை இழுத்தார். கம்பியால் கிளறினார். பாதி எரிந்த கறுப்புக் கிண்ணம் ஒன்று மேலே வந்தது. இன்னொன்று. இன்னும் நாலைந்து.

"சிரட்டை" என்றான் அருந்தவன்.

"நாங்க கொட்டாங்குச்சிம்போம். இந்த ஊர்ல பாதிப் பேர் ஃப்ரீசர் தேங்காய்ப் பூவுக்கு மாறியாச்சு. இது முழுத் தேங்காய் உடைச்சு, உக்கார்ந்து துருவுற வீடு." அவன் முகத்தைப் பார்த்தார். "வாரத்துல மூணு நாள் தேங்காய்ச் சம்பல் அரைக்கிற வீடு மாதிரி."

"எங்கட வீட்டிலயும் சம்பல் அப்பிடித்தான்" என்றான் அவன் பெருமையாக. "சுஜீ ஃப்ரீசர்ப் பூவைக் கையாலயும் தொடமாட்டா."

"அப்படியா" என்றார் நாகலட்சுமி. சாம்பல் தட்டை உள்ளே தள்ளினார்.

கொட்டகையின் பின்சுவரோடு ஒட்டி ஒரு சாமான் அறை இருந்தது. பாய்லரிலிருந்து வீட்டுக்குப் போகும் சுடுகுழாய் அதன் வழியாகத்தான் ஓடியது. அறையின் படிக்குக் கீழே சேறு பனியில் கல்லாக இறுகியிருந்தது. அதில் காலடித் தடங்கள். அருந்தவன் குந்தி உட்கார்ந்து ஆராய்ந்தான். தன் திறமையைக் காட்ட இதைவிட நல்ல இடம் வாய்க்காது.

"விசித்திரம் அக்கா. ரெண்டு காலும் பக்கத்தில பக்கத்தில, வெளியில பாத்தபடி. நடந்த தடம் இல்லை. சும்மா நிண்ட தடம். பெரிய சப்பாத்து ஒண்டு, சின்னது ஒண்டு, செருப்பு ஒண்டு. ஆக்கள் இதில வரிசையா நிண்டு என்ன செய்தவை? ஃபோட்டோ எடுத்தவையோ?"

"உங்க வீட்டு வாசல்ல ஷூவும் செருப்பும் எப்படிக் கிடக்கும்?"

அருந்தவன் வாயைத் திறந்தான். மூடினான். "கழட்டி வைச்சிட்டு உள்ளுக்குப் போயிருக்கினம்."

"களவாணித்தனம் பண்ண வந்த இடத்துலயும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போற சனம் உலகத்துல வேற எங்கயாவது உண்டா? அதுவும் ஒரு ஆளு இல்ல. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆளு."

"கூட்டுக் களவு" என்றான் அருந்தவன். ஒன்பது பேரை எதிர்பார்த்து வரவில்லையே என்று மனதுக்குள் கொஞ்சம் வருந்தினான்.

அறைக்கு ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். மற்ற ஜன்னல்களிலெல்லாம் வெளியே பனி பூத்திருந்தது. இதில் மட்டும் உள்ளே வேர்த்து வழிந்தது. மூச்சு விடுகிற எதுவோ உள்ளே இருக்கிறது. அருந்தவன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே இரண்டடி பின்னால் வந்து, நாகலட்சுமியின் காலை மிதித்தான்.

"அக்கா." விரலால் ஜன்னலைக் காட்டினான். "உள்ளுக்கு ஆக்கள் நிக்கினம்."

"எத்தனை பேர்?"

மறுபடி எட்டிப் பார்த்து எண்ணினான். "பதினொரு பேர். முக்காடு போட்டுக்கொண்டு வரிசையா நிக்கினம். ஒருத்தரும் அசையேல்ல. எங்களைத்தான் பாக்கினம்."

"கூப்பிட்டுப் பாருங்க."

அருந்தவன் கதவருகில் போய்த் தொண்டையைச் செருமினான். பிளம்பர் வேலைக்குப் போகும் வீடுகளில் பேசுகிற ஆங்கிலத்தில், நீங்கள் உள்ளே இருப்பது எங்களுக்குத் தெரியும் என்று அறிவித்தான். பதில் இல்லை. தமிழுக்கு இறங்கினான்.

"வணக்கம். நாங்கள் பொலிஸ் இல்லை. பயப்பிடாதேங்கோ. நீங்கள் எங்களைப் பயப்பிடுத்தாட்டிச் சரி."

உள்ளே எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"அவங்க வர மாட்டாங்க" என்றார் நாகலட்சுமி. "அவங்களுக்குக் கால் கிடையாது."

அருந்தவன் படியை விட்டுச் சேற்றுக்கே இறங்கிவிட்டான். "அக்கா, இத நீங்கள் காரிலயே சொல்லியிருக்கலாம். எனக்கு வீட்டில வேலை இருந்தது."

நாகலட்சுமி காலடியிலிருந்த மிதியடியைத் தூக்கினார். அடியில் சாவி இருந்தது. நம் ஆட்கள் சாவியை வேறு எங்கே வைப்பார்கள்? பூட்டைத் திறந்து, பழக்க தோஷத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போனார். முதலில் நின்ற உருவத்தின் முக்காட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

முதலில் வந்தது வாசனை. அருந்தவனுக்கு அந்த நடுக்கத்திலும் வாயில் நீர் ஊறியது.

கறிவேப்பிலை. இடுப்பளவு உயரத்தில், தொட்டியில், பச்சைப் பசேலென்று ஒரு கறிவேப்பிலை மரம். பக்கத்தில் இன்னொன்று. பழைய வேட்டியும் படுக்கை விரிப்பும் சேலையும் போர்த்தியபடி, சுடுகுழாய்க்குப் பக்கத்தில் வரிசையாகப் பதினொரு மரங்கள்.

மெல்பேர்னில் கறிவேப்பிலை மரம் என்றால் சும்மா இல்லை. இரண்டாவது பிள்ளையைக்கூட யாரிடமாவது விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள், மரத்தை விடமாட்டார்கள். ஒரு குளிர்காலம் தாங்கினால் அடுத்ததில் பட்டுப்போகும். பட்டுப்போனால் துக்கம் விசாரிக்க ஆள் வரும். கடையில் வாங்கலாம்தான், ஆனால் கடை இலையைப் போட்டுத் தாளித்த வீட்டின் மரியாதை அன்றோடு சரி. அருந்தவன் வீட்டு மரமும் பத்து நாளைக்கு முன்னால்தான் பட்டுப்போனதாம். எறிந்துவிட்டேன் என்று சுஜீவா சொன்னபோது அவளுக்கு அவன் ஆறுதல்கூடச் சொன்னான். ஆறுதல் சொல்லும்போது அவள் சிரிப்பை அடக்கியது மாதிரி இருந்தது. துக்கத்தில் சிலருக்கு அப்படி வரும் என்று விட்டுவிட்டான்.

"வெளிய வச்சா பனியில போயிடும். வீட்டுக்குள்ள வச்சா வெயில் பத்தாது" என்றார் நாகலட்சுமி. "இங்க ஜன்னல் இருக்கு, ராவும் பகலும் சூடு இருக்கு. சூடு இருக்கணும்னா நெருப்பு அணையக் கூடாது. அதான் உங்க திருடங்க தினம் ஒருத்தரா வந்து விறகு போட்டிருக்காங்க. போறப்ப ரெண்டு கொத்து பறிச்சிட்டும் போயிருப்பாங்க."

ஒவ்வொரு தொட்டியிலும் அட்டையில் பெயர் எழுதித் தொங்கியது. ராதா வீடு. ஹரிப்பிரியாவின் அம்மா. சிவமணி. அருந்தவன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனான். ஒன்பதாவதைத் தாண்டிப் பத்தாவதில் நின்றான்.

பத்தாவது மரத்துக்குப் போர்வை மட்டுமில்லை, உச்சியில் தொப்பியும் இருந்தது. ஊதா நிறக் கம்பளித் தொப்பி. மெதுவாகத் திருப்பினான். இடது பக்கத்தில் ஓட்டை.

அட்டையைப் படிக்கத் தேவை இருக்கவில்லை. இருந்தாலும் படித்தான். 'சுஜீவா அருந்தவன்'.

"உங்களுக்கு முதலே தெரியும்" என்றான்.

நாகலட்சுமி கைப்பையைத் திறந்து, காரில் எடுத்ததை அவன் கையில் வைத்தார். வெள்ளை துளியும் மிஞ்சாமல் துருவிய ஒரு சிரட்டை. "சீட்டுக்கு அடியில உருண்டுச்சு. நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன்."

கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பதினொரு தேதி, பதினொரு பெயர். ஒன்பது பெயருக்கு நேரே சரி போட்டிருந்தது. பத்தாவது, இன்றைய தேதி. பெயர் சுஜீவா. சரி போடவில்லை.

இன்றைக்கு ஏன் திருடன் வரவில்லை என்ற கேள்விக்கு அருந்தவன் பதிலைக் கண்டுபிடித்தான். துப்பறியும் வாழ்க்கையில் அவன் தானாகக் கண்டுபிடித்த முதல் பதில் அதுதான். ஏனென்றால் திருடனின் காரை எடுத்துக்கொண்டு திருடனைப் பிடிக்க வந்தது அவனேதான்.

கைபேசியில் சுஜீவாவைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சுஜீ, நான் ஜெம்புரூக்கில நிக்கிறன். எங்கட மரத்துக்கு முன்னால."

அந்தப் பக்கமிருந்து வந்தது சமாளிப்பு இல்லை, சண்டை.

"காலமை நான் காரைக் கேட்டனான்தானே? சிரட்டைச் சாக்கை ஏன் வாசல்ல வைச்சிட்டுப் போனீங்கள்? நெருப்பு நிண்டிட்டுதோ? எல்லாரின்ர மரமும் போனா நான் ஆரின்ர முகத்தில முழிக்கிறது?"

"நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்குச் சொன்னா நீங்கள் அங்கிளுக்குச் சொல்லியிருப்பீங்கள். அங்கிளுக்கு மட்டும் தெரியக் கூடாது எண்டு ரஞ்சினி அன்ரி கையில அடிச்சுச் சத்தியம் கேட்டவ."

"ரஞ்சினி அன்ரியோ?"

"பின்ன, சாவி ஆர் தந்தது? இந்திரகுமார் அங்கிள் ஒருநாளும் வரமாட்டார் எண்டு அவவுக்குத் தெரியும். மனுசனோட சண்டை பிடிக்காமல் எங்களைக் கேட்டவ. மரம் கொண்டு வந்து வையுங்கோ, ஆளுக்கொரு நாள் நெருப்பு வையுங்கோ, அவரின்ர விறகில மட்டும் கை வைக்காதேங்கோ, கட்டு மாறினாலே கண்டுபிடிச்சிடுவார், செவ்வாய்க்கு முதல் எல்லாத்தையும் ஒண்டா எடுத்து மறைக்கலாம் எண்டு."

அருந்தவனுக்குத் தலை சுற்றியது. "பொயிலர் உறைஞ்சா வீட்டை விக்கோணும் எண்டு சொன்னதே அவதானே."

"ஆக்களுக்கு முன்னால கோவத்தில சொல்லிப்போட்டா. சொன்னதைத் திருப்பி எடுக்கிற ஆளே அவ? அவவுக்கு அந்த வீடெண்டால் உயிர். காலமை எழும்பினா கால் வைக்கிற இடமெல்லாம் சூடாம். அங்கிள் அவவுக்காகச் செய்து தந்ததாம். இத நான் சொன்னதாச் சொல்லாதேங்கோ. முதல்ல போய் நெருப்பு வையுங்கோ."

இன்றைய தேதிக் கட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று இரத்தினசிங்கமே சொல்லியிருந்தார். அருந்தவன் அதை அவிழ்த்து, பாய்லருக்குள் அடுக்கி, கையிலிருந்த சிரட்டையை நடுவில் வைத்துப் பற்றவைத்தான். சிரட்டை ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. குழாய்களைத் தட்டிப் பார்த்தான், பம்பில் காதை வைத்துக் கேட்டான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிளம்பர் என்ற முறையில் அவனுக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது.

முப்பத்தெட்டு வரை இறங்கிய சூடு அரை மணி நேரத்தில் நாற்பத்தாறைத் தொட்டது. இரத்தினசிங்கம் உடனே கூப்பிட்டார்.

"ஏறுது" என்றார். குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. "ஆளைப் பிடிச்சிட்டீங்களோ? ஆரது?"

அருந்தவன் நாகலட்சுமியைப் பார்த்தான். சொல்லலாமா, கூடாதா? பணம் கொடுத்து வேலைக்கு வைத்தவர் இவர். சத்தியம் வாங்கியவர் இவருடைய மனைவி. நாகலட்சுமி கைபேசியை வாங்கிக்கொண்டார்.

"சார், நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பின்னாடி சாமான் அறைக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்டு இஞ்ச என்னட்ட இருக்குது. மற்றது..."

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. மண்டபத்துக்குள் யாரோ பெண்கள் சிரித்தார்கள்.

"மற்றது ரஞ்சினியின்ர கைப்பையில இருந்தது" என்றார் இரத்தினசிங்கம், மிக மெதுவாக. தொடர்பு போய்விட்டதோ என்று நாகலட்சுமி கைபேசியைப் பார்த்தார். போகவில்லை.

"தங்கச்சி" என்றார் கடைசியில். "மூண்டு வருசம். அவவுக்கு அந்த இடம் பிடிக்கேல்ல, எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறா எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு குளிருக்கும் பயந்து பயந்து விறகு போட்டனான்."

"அந்த அறையில கொஞ்சம் செடி இருக்கு சார். செவ்வாய்க்கிழமை நீங்க வர்றதுக்குள்ள எடுக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். பனி முடியுமட்டும் இருக்கட்டும். நான் அந்த அறைப் பக்கமே போகமாட்டன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு மட்டும் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் பாவம், வெக்கப்படுவா. நான் போயிட்டு வாறன், ஆரத்தி எடுக்க என்னைத் தேடுறா."

நாகலட்சுமி கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புகை என்றார். புகை அவர் நின்ற பக்கம் வரவில்லை, ஆனால் அருந்தவன் அன்று புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

கிளம்புமுன் தாளில் பத்தாவது பெயருக்கு நேரே சரி போட்டான். சுஜீவாவிடமிருந்து செய்தி வந்திருந்தது: வரேக்க நாலு கொத்து முறிச்சுக்கொண்டு வாங்கோ, எங்கட மரத்தில மட்டும்.

நாலு கொத்து முறித்தான். ஊதாத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். காதுக்கு அப்படி ஒரு சுகம். கதவு வரை வந்தவன் திரும்பிப் பார்த்தான். நாகலட்சுமி முதல் மரத்துக்கு முக்காட்டைத் திரும்பப் போட்டிருந்தார். பதினொரு மரத்தில் அவன் வீட்டு மரம் மட்டும் உச்சி மொட்டையாக நின்றது.

"என்ன யோசனை?" என்றார் நாகலட்சுமி, வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு.

"இண்டைக்கு மைனஸ் மூண்டு அக்கா" என்றான் அருந்தவன். திரும்பிப் போய், தொப்பியை மரத்துக்கே மாட்டி, ஓட்டை சுவர்ப் பக்கம் வருகிற மாதிரித் திருப்பி வைத்துவிட்டு வந்தான்.